ஆறரை மணிக்கு ஒரு ஓம்

வீரசிங்கத்தார் தொலைக்காட்சி பார்ப்பதில்லை, அதோடு சண்டை பிடிப்பார். துறைமுகத்தில் இழுவைப் படகொன்றின் எஞ்சின் அறைக்குள் முப்பத்துமூன்று வருடம் கிடந்த மனிதர். எஞ்சினுக்கு மேலால் கத்திக் கத்தியே கதைத்துப் பழகிய தொண்டை. ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்தபோது எஞ்சின் துறைமுகத்தில் நின்றுவிட்டது, தொண்டை மட்டும் கூடவே வந்தது. உட்துறைமுக வீதியில் இருந்து அவர் ஒரு நடிகையை ஏசினால் அது கடல் தாண்டி மூதூரில் கேட்கும் என்பார்கள். காற்று வாய்த்தால் சென்னையில் அந்த நடிகைக்கே கேட்கும்.

திங்கட்கிழமை காலை ஏழு மணி என்றால், இறங்குதுறைக்குக் கிட்டவுள்ள தேத்தண்ணிக் கடையில் தீர்ப்பு நேரம். மூதூர்ப் படகுக்கு நிற்கிற சனம் படகை விட்டுவிட்டு அவரைக் கேட்டுக்கொண்டு நிற்கும். மூன்று படகை விட்டவர்களும் உண்டு. ஒருவர் தன் சொந்தக் கலியாண எழுத்தையே தவறவிட்டார் என்று கதை.

“சித்திரை பிறந்தால் சென்னைச் சனல்காரருக்கு விசர் பிடிக்கும்” என்பது வீரசிங்கத்தாரின் முதலாவது அபிப்பிராயம். கோடைச் சிறப்பு நிகழ்ச்சி என்ற பெயரில், சமைக்கத் தெரியாத நடிகர்கள் சமைப்பார்கள், பாடத் தெரியாதவர்கள் பாடுவார்கள், இரண்டும் தெரியாதவர்கள் நடுவர்களாக இருப்பார்கள். யாராவது அழ வெளிக்கிட்டால் அவர் திரையைப் பார்க்கமாட்டார், சுவர் மணிக்கூட்டைப் பார்ப்பார். “ஏழு பத்து. விளம்பரத்துக்கு மூண்டு நிமிசம் கிடக்கு. இப்ப கண்ணைத் துடைப்பாள் பார்.” அவள் துடைப்பாள். அழுகைக்கு விலை மதிக்கத் தெரிந்தவர் கிழக்கு மாகாணத்திலேயே அவர் ஒருவர்தான். எது கிளிசரின், எது உண்மை, எது சம்பளப் பாக்கி என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். எந்த நடிகன் எந்த நடிகையோடு முகம் கொடுத்துக் கதைப்பதில்லை, யாருடைய விவாகரத்து அடுத்த பங்குனியில் நடக்கும், எல்லாம் அவருக்கு அத்துப்படி. அந்தத் தம்பதிக்கே தெரியாத விவாகரத்துகளும் அதில் அடக்கம்.

எல்லா நிகழ்ச்சிகளிலும் அவர் அதிகமாக ஏசியது ‘மாம்பழ மேடை’யை. ஞாயிறு மாலை ஆறரைக்கு அது தொடங்கும். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடிகர்கள் மாம்பழம் தின்பார்கள், தோற்றவர்கள் ரோஸ்மில்க் தொட்டிக்குள் விழுவார்கள். இதை நடத்தியவன் துருவேஷ் என்ற அறிவிப்பாளன். சன்னல் சீலையில் தைத்த சேட்டு, தேங்காய் எண்ணெய் விளம்பரத்தில் இருந்து இறங்கி வந்த தலைமயிர், முப்பத்திரண்டு என்று நம்ப முடியாத அளவுக்குப் பற்கள்.

“அவன்ரை பல்லை எண்ணினீங்களே? நான் எண்ணினனான். நாப்பது!” என்பார் வீரசிங்கத்தார். கடை உருண்டு சிரிக்கும்.

இதெல்லாம் கடைக்கு. வீட்டுக் கதை வேறு.

போன வருடம் மாசியில் அவருடைய மனைவி தங்கேஸ்வரிக்குப் பாரிசவாதம் வந்தது. வலது கையும் காலும் போயின, அவற்றோடு கதையும் போனது. கொஞ்சநஞ்சக் கதையா அது? மீன்காரன் தங்கேஸ்வரியோடு விலை பேசுவதென்றால் சைக்கிளை நிறுத்தி, ஸ்டாண்ட் போட்டு, பெட்டியை இறக்கி வைத்துவிட்டுத்தான் வாயைத் திறப்பான். ஒற்றைக்காலில் நின்று முடிக்கக்கூடிய வேலையல்ல. அந்த வாய் ஒரே காலைப்பொழுதில் பூட்டிக்கொண்டது. வைத்தியசாலையில் பேச்சுப் பயிற்சி கொடுத்தார்கள். படம் காட்டினார்கள், பாட்டுப் போட்டார்கள். ஒரு சத்தமும் வரவில்லை.

சித்திரையில் ‘மாம்பழ மேடை’ தொடங்கியது. மேளம், வெளிச்சம், மாம்பழ உடுப்புப் போட்ட ஆட்டக்காரிகள். துருவேஷ் ஓடிவந்து நெஞ்சில் கையை வைத்து, நேராகக் கமராவைப் பார்த்து, “வீட்ல எல்லாரும் சாப்டாச்சா?” என்று கேட்டான்.

“ஆறரைக்கு ஆரடா சாப்பிடுறது, மடையா!” என்று வீரசிங்கத்தார் முழங்கினார்.

பின்னாலிருந்து “ஓம்” என்று ஒரு குரல் வந்தது.

மகள் நிருஜாதான் என்று நினைத்தார். மாவட்டச் செயலகக் கச்சேரியில் வேலை செய்கிற மகள். ஆனால் நிருஜா குசினி வாசலில் கையில் அகப்பையோடு உறைந்து நின்றாள். இருவரும் தங்கேஸ்வரியைப் பார்த்தார்கள். அவள் கதிரையில் சாய்ந்தபடி, தன்னை மரியாதையாகக் கேட்ட ஒருவருக்கு மரியாதையாக ஆமென்று பதில் சொன்ன திருப்தியோடு திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த ஞாயிறும் அவன் கேட்டான், அவள் “ஓம்” என்றாள். அதற்கடுத்த ஞாயிறும் அப்படியே. கிழமைக்கு ஒரு சொல், நூற்று அறுபத்தெட்டு மணித்தியாலத்துக்கு ஒன்று. “சிலருக்கு இப்படி ஒரு சொல் தப்பி நிக்கும், ஐயா. ஏன் நிக்குது எண்டு எங்களுக்கும் சொல்ல ஏலாது. விட்டுடாதேங்கோ” என்றாள் பேச்சுப் பயிற்சி கொடுத்த பெண்.

வீரசிங்கத்தார் விடுவாரா? மனைவிக்கு முன்னால் கதிரையைப் போட்டுக்கொண்டு தானே கேட்டுப் பார்த்தார். “தங்கம், சாப்பிட்டீரோ?” நெஞ்சில் கையை வைத்துக் கேட்டார். பல்லைக் காட்டிக் கேட்டார். சென்னைத் தமிழில் கேட்டார். நிருஜாவின் பூப்போட்ட மேற்சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டும் கேட்டார். தங்கேஸ்வரி அவரைக் கடந்து சுவரைப் பார்த்தாள். அதில் ஞாயம் இல்லாமலும் இல்லை. நாற்பத்தொரு வருடத்தில் அவர் அவளிடம் அப்படியொரு கேள்வி கேட்டதே கிடையாது. படகால் வருவார், கை கழுவுவார், “போடும்” என்பார். அவ்வளவுதான்.

எவனோ ஒரு நாற்பது பல்லுக்காரன் கேட்கிறான், அவனுக்குச் சொல்கிறாள். இந்த எரிச்சலில்தான் திங்கட்கிழமைகளில் துருவேஷுக்கு இன்னும் பலமாக ஏச்சு விழுந்தது. கடையில் ஒருவருக்கும் காரணம் தெரியாது.

கோடை முடிந்தும் கோடை நிகழ்ச்சி முடியவில்லை. சென்னைக்காரர் இலாபம் கண்டால் மார்கழிக்கும் வெயில் அடிக்க வைப்பார்கள். ஒருவழியாக ஐப்பசியில் நிறுத்தினார்கள். அதன்பிறகு நிருஜா ஞாயிறு ஆறரைக்கு சனலின் யூரியூப்பில் பழைய நிகழ்ச்சி ஒன்றைத் தொலைக்காட்சியில் போட்டுவிடுவாள். அதற்கும் “ஓம்” வந்தது. இந்தச் சித்திரையில் புது நிகழ்ச்சி தொடங்கியதும் வந்தது. ஞாயிறு பின்னேரம் ஐந்து மணிக்கே தங்கேஸ்வரிக்கு முகம் கழுவி, பவுடர் போட்டு, தலை வாரி இழுத்து, கதிரையில் இருத்துவார்கள். கோணேசர் தேர் பார்க்கப் போகும்போதும் அவளுக்கு அப்படி ஒரு சோடனை நடந்ததில்லை.

ஏழாவது கிழமை, புதன்கிழமை, சென்னை தீப்பற்றியது.

‘மாம்பழ மேடை’யில் ஆட்டம் ஆடிய மிருணா என்ற பெண் ஒரு ஒலிப்பதிவை வெளியிட்டாள். நான்கு நிமிடம். துருவேஷ் அவளை ஓரிடத்துக்கு வரச் சொல்கிறான், அவள் மாட்டேன் என்கிறாள், அவன் இனி எந்த மேடையிலும் அவளுக்கு இடம் கிடைக்காது என்கிறான். நெஞ்சில் கை வைத்துச் சாப்பாடு விசாரிக்கிற அதே குரல். பொழுது சாயுமுன் சனல் அவனை நீக்கியது. விளம்பரப் படத்தில் அவன் நின்ற இடத்தில் ஒரு பெரிய மாம்பழத்தை ஒட்டினார்கள். யூரியூப்பில் அவன் தலை தெரிந்த வீடியோ எல்லாவற்றையும் கழுவித் துடைத்துவிட்டார்கள்.

வியாழக்கிழமை காலை கடையில் கதிரை போதவில்லை. குச்சவெளி பஸ்ஸை ஓரமாக நிறுத்திவிட்டு சாரதியும் வந்து நின்றான். வீரசிங்கத்தாருக்குச் சர்க்கரைப் பொங்கல் அல்லவா இன்றைக்கு!

“அண்ணை, தொடங்குங்கோ! நாப்பது பல்லையும் கழட்டுங்கோ!”

வீரசிங்கத்தார் தேத்தண்ணியை ஒரு வாய் குடித்தார். “சூடாக் கிடக்கு” என்றார். எழும்பிப் போய்விட்டார்.

பின்னால் ஓடிவந்தவர் கலீலுர் றஹ்மான். கிண்ணியாக்காரர், துறைமுகக் களஞ்சியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், வீரசிங்கத்தாரோடு இருபது வருடம் ஒரே மேசையில் பகல் சாப்பாடு சாப்பிட்டவர். வீதியோரத்தில், ஊருக்குள் திரிகிற மான்களில் ஒன்று மட்டைப்பெட்டியைச் சாவகாசமாகத் தின்றுகொண்டிருந்தது. அதற்குப் பக்கத்தில் வைத்து வீரசிங்கத்தார் எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். மெதுவாகத்தான் சொன்னார். அதனால் துறைமுக வாசல் காவலாளிக்கு மட்டுமே கேட்டது.

“அட பாவி மனிசா! அவனால வாற ஒரு சொல்லுக்குக் காத்துக்கிட்டுத்தானா, ஒரு வருசமா அவனப் போட்டு இந்த ஏச்சு ஏசினாய்?”

“பின்னை என்ன செய்யச் சொல்லுறாய்? என்ரை மனிசி அவனோடை கதைக்கிறாள், என்னோடை கதைக்கிறாள் இல்லை!”

றஹ்மான் மானைப் பார்த்தார். “அந்தப் புள்ள சொல்றது உண்மையா மச்சான்? ஒனக்குத்தானே அழுகையெல்லாம் தெரியும்.”

வீரசிங்கத்தார் அந்த ஒலிப்பதிவைக் கேட்டிருந்தார். மூன்றாவது நிமிடத்தில் அந்தப் பெண் அழுகையை விழுங்கிக்கொண்டு “சரி சார்” என்பாள். அந்த இடத்தில் அவர் மணிக்கூட்டைப் பார்க்கவில்லை.

“உண்மை” என்றார்.

அந்த ஞாயிறு ஆறரைக்கு சனல் ஒரு பழைய படத்தைப் போட்டது. பவுடர் போட்ட முகத்தோடு தங்கேஸ்வரி ஏழு மணிவரை பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டாள்.

றஹ்மான் சும்மா இருப்பவரல்ல. களஞ்சியத்தில் இல்லாத ஆணியையும் எடுத்துக் கொடுத்த கை அது. மூன்று நாள் இணையத்தைக் கிண்டி, யாரோ திருட்டுத்தனமாக ஏற்றிய ஒரு பழைய நிகழ்ச்சியைப் பிடித்துக்கொண்டு வந்தார். பிடிபடாமல் இருக்கவேண்டும் என்று அந்தக் கள்ளன் படத்தை இடம் வலமாகத் திருப்பி, குரலையும் கீச்சுக்குரலாக்கி வைத்திருந்தான். துருவேஷ் வலது நெஞ்சில் கையை வைத்து, தாராக்குஞ்சு மாதிரி “சாப்டாச்சா?” என்றான். தங்கேஸ்வரி திடுக்கிட்டு நிருஜாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“நிப்பாட்டுங்கோ மாமா, அம்மா பயப்பிடுறா” என்றாள் நிருஜா.

அடுத்த ஞாயிறு சனல் ஒரு தந்திரம் செய்தது. சர்ச்சையிலும் இலாபம் பார்க்கவேண்டாமா? துருவேஷ் திரும்பி வரலாமா வேண்டாமா என்பதை மக்களே தீர்மானிக்கட்டும் என்று அறிவித்தது. ‘வரலாம்’ என்பதற்கு ஒரு தொலைபேசி இலக்கம், ‘வேண்டாம்’ என்பதற்கு இன்னொன்று. ஒரு மிஸ் கோல் கொடுத்தால் போதும். ஏழு நாள் அவகாசம்.

தகவலைக் கடைக்குக் கொண்டுபோனவர் றஹ்மான்தான். “அவனுக்காகக் குடுக்காதீங்க. அவன் நாசமாப் போகட்டும். தங்கேஸ்வரி அக்காட ஒரு சொல்லுக்காகக் குடுங்க” என்றார்.

அவ்வளவுதான், திருகோணமலை எழுந்து நின்றது! றஹ்மானின் மனைவி ஸல்ஹா கிண்ணியாவில் வீடு வீடாகப் போனாள். சாம்பல்தீவில் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைத்தவர்கள் வாய்க்காலைத் திறந்துவிட்டு மிஸ் கோல் கொடுத்தார்கள். சல்லிக் கரையில் வலை இழுத்தவர்கள் ஒரு கையால் வலையையும் மறுகையால் போனையும் இழுத்தார்கள். கப்பல்துறையில் ஒருவருடைய போன் சூடேறி, அதில் முட்டை பொரிக்கலாம் போலிருந்ததாம். ஒரு ரிங், உடனே கட். திரும்ப ஒரு ரிங், கட். ஏழு நாளில் எப்படியும் நாற்பதாயிரம் போயிருக்கும் என்று றஹ்மான் கணக்குச் சொன்னார். அறுபதாயிரம் என்றார் வீரசிங்கத்தார். முடிவு வருமுன் அது ஒரு இலட்சமாகியது.

கொடுக்காத ஒரேயொரு போன் அவருடைய வீட்டுக்குள்ளேயே இருந்தது.

“நான் குடுக்கமாட்டன், அப்பா” என்றாள் நிருஜா.

“கொம்மாவுக்காகத்தானே பிள்ளை.”

“எனக்கு ஆசை இல்லையே அப்பா? எனக்குந்தான் அம்மா கதைக்கவேணும். அந்தப் பிள்ளை ‘சரி சார்’ எண்டு சொல்லுறதைக் கேட்டனீங்கள்தானே? உங்களுக்குத் தெரியும் அது நடிப்பில்லை எண்டு. அதின்ரை வாயை மூடிப்போட்டு அம்மான்ரை வாயைத் திறக்க ஏலுமே?”

“ஒரு போன் குறைஞ்சு என்ன ஆகப்போகுது?”

“அப்ப குறையட்டும்.”

வெள்ளிக்கிழமை காலை அவள் குளித்துக்கொண்டிருந்தபோது போன் அலுமாரிக்கு மேல் கிடந்தது. வீரசிங்கத்தார் வாளியில் தண்ணீர் விழுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே அதை எடுத்தார். ஒரு ரிங், கட். போனை எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்தார். முப்பத்துமூன்று வருடத்தில் துறைமுகத்தில் இருந்து ஒரு ஆணிகூட எடுத்துவராத மனிதர்.

ஞாயிற்றுக்கிழமை முடிவு சொன்னார்கள். துருவேஷ் வேண்டாம். ஆயிரத்துத் தொளாயிரத்துப் பன்னிரண்டு அழைப்பு வித்தியாசம்.

வீரசிங்கத்தார் போட்ட சத்தத்தில் காக்காய்கள் எழும்பி நிலாவெளிப் பக்கம் போயின. “களவு! பச்சைக் களவு! எங்கடை இலட்சம் எங்கை?” திங்கட்கிழமை விடிந்ததும் றஹ்மானையும் இழுத்துக்கொண்டு கேபிள்காரன் சுகிர்தனிடம் போனார். அந்த அறிவிப்பின் பதிவை வாங்கி, சென்னைக்கு அனுப்பி, வழக்குப் போடுவது திட்டம்.

சுகிர்தன் பதினொரு வருடமாக இந்தப் பக்கத்து வீடுகளுக்குக் கேபிள் கொடுக்கிறவன். எந்தச் சனலானாலும் திரையின் அடியில் இரண்டு அங்குலத்தை அவன் தனக்கென்று எடுத்துக்கொள்வான். அதில் ஊர் விளம்பரம் ஓடும். கலியாண மண்டபம், கணித வகுப்பு, பழுதுபார்த்த தண்ணீர் மோட்டார், மரண அறிவித்தல். சனம் நடிகைகளைவிட அந்தப் பட்டியைத்தான் கவனமாகப் பார்க்கும். யார் செத்தது என்று தெரியவேண்டும் அல்லவா?

சுகிர்தன் தன்னுடைய அறையில், பட்டி போடாத நேர்ப்படத்தை ஓடவிட்டான். அறிவிப்பு வந்தது. இலக்கங்கள் வந்தன. அடியில், பதினொரு வருடமாக இந்தக் கரையில் ஒருவரும் கண்டிராத அந்த இரண்டு அங்குலத்தில், சின்ன எழுத்து ஒன்று ஓடியது.

றஹ்மான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசித்தார். “இந்திய எண்களில் இருந்து வரும் அழைப்புகள் மட்டுமே கணக்கில் கொள்ளப்படும்.”

சுகிர்தன் படத்தை நிறுத்தினான்.

“அதுக்கு மேலை என்ன போட்டிருந்தனி?” என்று கேட்டார் வீரசிங்கத்தார்.

சுகிர்தன் தலையைச் சொறிந்தான். “சாம்பல்தீவிலை ஒரு ஆச்சி செத்தது, அண்ணை. முப்பத்தோராம் நாள் அறிவித்தல்.”

றஹ்மான் ஏதோ சொல்ல வாயெடுத்தார். வீரசிங்கத்தார் அவரை விட்டுவிட்டு நடந்தார். வழியில் தெரிந்தவர்கள் “அண்ணை, எங்கடை இலட்சம் என்னவாம்?” என்று கேட்டார்கள். முட்டை பொரிக்கும் சூட்டில் போன் பிடித்தவர்களுக்கு, வலை இழுத்தபடி ரிங் கொடுத்தவர்களுக்கு, எதைச் சொல்வது? தலையை ஆட்டிக்கொண்டே வந்தார்.

நிருஜா வாசலில் நின்றாள். அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை. கையில் போன்.

“இது என்ன இலக்கம் அப்பா? சைபர் சைபர் ஒன்பது ஒண்டு. வெள்ளிக்கிழமை ஆறு நாப்பதுக்கு நான் குளிச்சுக்கொண்டு நிண்டனான்.”

“எண்ணுப்படேல்லை பிள்ளை” என்றார் அவர். “ஒண்டும் எண்ணுப்படேல்லை. இலங்கைக் கோல் ஒண்டையும் அவங்கள் எடுக்கேல்லை.”

“எடுத்தாலென்ன விட்டாலென்ன. என்ரை பேரிலை குடுத்தனீங்கள்.”

அவள் அழவில்லை. அழுதிருந்தால் அவருக்குத் தெரிந்த தொழில், ஏதாவது மதிப்புச் சொல்லியிருப்பார். அவள் போய்த் தாய்க்குக் கஞ்சி கரைத்தாள். அன்றிலிருந்து வீட்டில் இரண்டு பேர் கதைப்பதில்லை.

பத்தாம் நாள் துருவேஷ் தன்பாட்டில் ஒரு மன்னிப்பு வீடியோ போட்டான். ஒப்பனை இல்லை, பூப்போட்ட சேட்டு இல்லை. எண்ணெய் விளம்பரத் தலைமயிரும் இல்லை, அது பொய்மயிராம். வழுக்கைத்தலையோடு கண்ணாடி போட்ட ஒரு சின்ன மனிதன் சோபாவில் இருந்து மூக்கைச் சிந்தினான். றஹ்மான் அதை ஓடோடிக் கொண்டுவந்தார். வீரசிங்கத்தார் இரண்டு செக்கனில் மதிப்புச் சொன்னார். “கிளிசரின். அதிலும் மலிஞ்ச சாமான்.” ஆனாலும் தொலைக்காட்சியில் பெரிதாகப் போடச் சொன்னார். ஆள் அவன்தானே? குரலும் அவன்தானே?

தங்கேஸ்வரி பார்த்தாள். சந்தையில் எதிரே வருகிற யாரோ ஒருவரைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். மன்னிப்பு முடிந்தது. பிறகு முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

“அவனுக்குச் சொன்னதில்லப்பா அந்தச் சொல்லு” என்றார் றஹ்மான் மெதுவாக. “அப்ப ஆருக்குச் சொன்னா?”

வீரசிங்கத்தாருக்கு அதில் அபிப்பிராயம் இருக்கவில்லை.

ஆனியில் ‘மாம்பழ மேடை’ திரும்பத் தொடங்கியது. புதிய பொடியன் ஒருவன், அளவான பற்கள். மேளமும் வெளிச்சமும் மாம்பழ உடுப்பும் முந்தினவைதான். நிருஜா ஐந்து மணிக்கே தாய்க்கு முகம் கழுவிப் பவுடர் போட்டாள். தகப்பனிடம் ஒரு சொல்லும் பேசாமல் அவருக்குப் பக்கத்துக் கதிரையில் வந்து இருந்தாள். பொடியன் ஓடிவந்தான். சனல் அந்தக் கேள்வியைத் தன் சொத்தாக வைத்துக்கொண்டிருக்க வேண்டும். அவன் நெஞ்சில் கையை வைத்தான்.

“வீட்ல எல்லாரும் சாப்டாச்சா?”

தங்கேஸ்வரியின் உதடு அசைந்தது. வீரசிங்கத்தார் கதிரையின் கையைப் பிடித்தபடி பாதி எழும்பினார். நிருஜா “அம்மா” என்றாள். வாய் திறந்தது, நன்றாகத் திறந்தது.

கொட்டாவி. நீளமான, ஒரு குறையுமில்லாத கொட்டாவி. அது முடிய, மாம்பழம் தின்னத் தொடங்குமுன்னமே அவள் நித்திரையாகிவிட்டாள். பவுடர் கோடாகக் கழுத்தில் இறங்கியிருந்தது. நிருஜா அதைத் துடைத்துவிட்டாள்.

வீரசிங்கத்தார் நிகழ்ச்சியை முழுதாகப் பார்த்தார். ஒருமுறையும் சத்தம் போடவில்லை. ஒரு நடிகை ஏழு பத்துக்கு அழுதாள், அவர் மணிக்கூட்டைப் பார்க்க மறந்துவிட்டார்.

திங்கட்கிழமை அவர் கடைக்குப் போகவில்லை. ஏழேகாலுக்குக் கலீலுர் றஹ்மானின் அழைப்பு வந்தது. கடை முழுவதும் கேட்கட்டும் என்று ஒலிபெருக்கியில் போட்டிருந்தார். பின்னால் கிளாஸ் சத்தம், சனத்தின் சத்தம்.

“மச்சான்! எல்லாரும் பாத்துக்கிட்டு நிக்கிறாங்க. மூதூர்ப் படகு போகாம நிக்குது. எப்பிடி புதுப் பொடியன்? சொல்லு!”

“நல்லாச் செய்தான்” என்றார் வீரசிங்கத்தார்.

கடை அடங்கியது. இருபது வருடத்தில் அவர் ஒரு நிகழ்ச்சியையும் நல்லது என்று சொன்னதில்லை. றஹ்மான் ஒலிபெருக்கியை நிறுத்துவது கேட்டது. அவர் வெளியே நடந்து வந்திருக்க வேண்டும், கிளாஸ் சத்தம் தூரத்துக்குப் போனது.

“வீரசிங்கம், இரு. நான் வாறன்.”

“வந்து?”

வீதியில் ஒரு பஸ் போகிற சத்தம் மட்டும் வந்தது.

“தெரியாது மச்சான்” என்றார் றஹ்மான். “சும்மா வாறன்.”

“இஞ்சை ஒருத்தரும் கதைக்கிறேல்லை” என்றார் வீரசிங்கத்தார். “அது பரவாயில்லையெண்டால் வா.”